முதல் வருசத்து நாப்பது செகண்டு

இல்ல அண்ணாச்சி, நான் கண்டக்டர் இல்ல. கண்டக்டர் அந்தா முன்னால நிக்காரு பாருங்க, படியில தொங்குத பயலுவள ஏசிக்கிட்டு. கழுத்துல விசில் கிடந்தா எல்லாருக்கும் அப்படித்தான் தோணுது. பஸ் ஸ்டாண்டுல ஏறினதுல இருந்து மூணு பேரு என்கிட்ட டிக்கெட் கேட்டாச்சு. ஒரு அம்மா நெடுங்காட்டுவிளையில மறக்காம நிறுத்தணும்னு எனக்கு உத்தரவே போட்டுட்டாவ. நானும் சரிம்மான்னுட்டேன். நானும் அங்கதான இறங்கணும்.

நான் காலேஜு பி.டி. உடற்கல்வி டைரக்டர். சொரிமுத்துன்னு பேரு, ஆனா பேரச் சொன்னா யாருக்கும் தெரியாது, பி.டி. சார்னாத்தான் தெரியும். வீட்டுல பெஞ்சாதிகூட யாராவது போன் பண்ணினா 'பி.டி. சார் குளிக்காவ'ன்னுதான் சொல்லுவா. பொம்பளப் பிள்ளைங்க கபடி டீமு நம்ம பொறுப்பு. இருபத்தாறு வருசம் சர்வீசு. இத்தன வருசத்துல என் டீமு மேல ஒரு புரோட்டஸ்ட் வந்தது கெடையாது பாத்துக்கிடுங்க. புரோட்டஸ்ட்னா, இந்தப் பிள்ள ஆடக் கூடாது, இவளுக்குத் தகுதி முடிஞ்சு போச்சுன்னு எதிர் டீமுக்காரன் எழுதிக் குடுக்கது. மத்த காலேஜுல வருசத்துக்கு ரெண்டு வரும். நம்மகிட்ட வராது. ஏன்னா நான் எண்ணி வச்சிருப்பேன்.

என்னத்த எண்ணுவேன்னா கேக்கிய? சீசன எண்ணுவேன். படிப்பு வேற, சீசன் வேற அண்ணாச்சி. இது நெறைய பேருக்கு விளங்காது. எங்க யுனிவர்சிட்டியில ஒரு பிள்ளைக்கு நாலு சீசன். டிகிரி முடிச்சு மேற்படிப்பு சேந்தாலும் சரி, காலேஜு மாறினாலும் சரி, மொத்தம் நாலுதான். ஆனா அத காலண்டர வச்சு எண்ணக் கூடாது. கால வச்சு எண்ணணும். டீமோட போயி, பெஞ்சுல உக்காந்து, வருசம் பூரா தண்ணி பாட்டில் தூக்கினாலும் உங்க சீசன் அப்படியே இருக்கும். கோட்டுக்குள்ள ஒரு கால வச்சிட்டியன்னு வைங்க, ஸ்கோர்ஷீட்டுல உங்க நம்பருக்கு நேரா டிக் விழுந்துரும். அம்புட்டுதான், ஒரு சீசன் போச்சு. முழு மேட்ச் ஆடினாலும் ஒண்ணுதான், மூக்குப்பொடி போடுத நேரம் நின்னாலும் ஒண்ணுதான். இது நியாயமான்னா நான் என்ன சொல்ல? ரூல நான் எழுதல. ஆனா எழுதினவனவிட எனக்கு நல்லாத் தெரியும்.

நெடுங்காட்டுவிளையில எனக்கு என்ன சோலின்னு கேட்டியல்லா? அங்க என் டீமுப் பிள்ள ஒருத்தி இருக்கா. புஷ்பவடிவு. வடிவுன்னு கூப்பிடுவோம். அப்பா அணஞ்சபெருமாள், வாழத்தார் ஏவாரம் பாக்காரு. வடிவுக்கு நாளைக்கழிச்சு வெள்ளிக்கிழம கல்யாணம். அதுக்கு முன்னால நான் நேர்ல போயி ஒரு வார்த்த சொல்லணுமாம். அஞ்சு நிமிச வேல. சொல்லிட்டு ஒரு காப்பியக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸ பிடிச்சு வந்துருவேன்.

நல்ல ஆட்டக்காரி அண்ணாச்சி. கபடி கபடின்னு பாடி ரெய்டு போனான்னா சத்தம் பெருசா வராது, முணுமுணுன்னுதான் இருக்கும், அம்பயர் காதக் குடுத்துக் கேக்கணும். ஆனா ரெண்டு பேரத் தொடாம திரும்ப மாட்டா. பேச்சும் அப்படித்தான். நம்ம ஒரு மணி நேரம் கத்தினாலும் கேட்டுக்கிட்டு நிப்பா, கடைசியில 'சரி சார்'ன்னு ஒரு வார்த்த. நமக்கே ஒரு மாதிரி ஆயிரும்.

முதல் வருசம் வந்தப்ப அவ ரிசர்வு. பதினெட்டாம் நம்பர். எங்க டீமுல ஒரு பழக்கம் உண்டு. எனக்கு ஆட்டம் சொல்லித் தந்தவரு வச்ச பழக்கம். முதல் தடவ டீமோட வெளியூர் போற பிள்ள மண்ண மிதிக்காமத் திரும்பக் கூடாது. ஒரு தடவயாவது கோட்டுக்குள்ள இறங்கி, குனிஞ்சு, மண்ணத் தொட்டு நெத்தியில வச்சிட்டு வரணும். இல்லன்னா அந்தப் பிள்ளைக்குப் பொறவு ஆட்டமே அமையாதுன்னு ஒரு நம்பிக்க. இப்ப எல்லாம் ரப்பர் மெத்த விரிச்சு ஆடுதாவ, மண்ணுக்கு எங்க போக? அப்பம் மண்ணுதான். அன்னைக்கு நாங்க பதினேழு பாயிண்டு முன்னால நிக்கோம். மேட்ச் முடிய நாப்பது செகண்டு இருக்கு. சரி, பிள்ள மண்ண மிதிக்கட்டும்னு வடிவ உள்ள போகச் சொன்னேன்.

அவ சொன்னா, 'சார், காலையில இருந்து முட்டி ஒரு மாதிரி இழுக்கி'ன்னு. 'ஏட்டி, நாப்பது செகண்டு. யாரு உன்ன ரெய்டு போகச் சொன்னா? ஓரத்துல நின்னு மண்ணத் தொட்டுட்டு வா'ன்னேன். 'சரி சார்'ன்னா. போனா. தொட்டா. நெத்தியில வச்சா. அந்தப் பக்கத்துக்காரி ஒருத்தி, தோத்துப் போறோமேங்குத ஆத்திரத்துல, நேரா இவ மூலைக்குப் பாஞ்சிட்டா. வடிவு திரும்பினா. முட்டி திரும்பல.

தூக்கிக்கிட்டுத்தான் வந்தோம். கட்டுப் போட்டு, நாலு மாசம் ஓடக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். அந்த வருசம் அவ ஆடினது அந்த நாப்பது செகண்டுதான். நாப்பத்தொண்ணுகூட இல்ல. ஸ்டாப்வாட்ச் என் கையிலதான இருந்தது.

நான் நெனச்சேன், இனி இவ வர மாட்டா, முடிஞ்சுதுன்னு. அடுத்த வருசம் ஜூன் மாசம், காலையில அஞ்சரை மணிக்கு கிரவுண்டுக்குப் போறேன், தனியா ஓடிக்கிட்டு இருக்கா. முட்டியில ஒரு பழைய சேலைக் கிழிசலச் சுத்திக்கிட்டு. அந்த வருசம் ஆடினா. மூணாவது வருசம் ஆடினா. எம்.ஏ. சேந்தா, அதுலயும் முதல் வருசம் ஆடினா. அவ ஆடின மூணு வருசமும் கோப்பை எங்க காலேஜுக்குத்தான். என் ரூமுக்கு வந்தா காட்டுதேன்.

மாப்பிள்ளையா? கொம்பையா. அத்த மகன்தான். அணஞ்சபெருமாளோட அக்கா மகன். செங்கச் சூளை வச்சிருக்கான், முப்பத்தஞ்சு வயசு இருக்கும். தங்கமான பையன் அண்ணாச்சி, கணக்கு சுத்தம். எங்க மேட்ச் எங்க நடந்தாலும் வந்துருவான். பிள்ளைங்களுக்கு ஒரு தார் வாழப்பழம் கொண்டு வந்து இறக்கிட்டு, வாசல் கேட்டுப் பக்கத்துல போயி நிப்பான். உள்ள வந்து உக்காருப்பான்னா வர மாட்டான். என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேப்பான். 'சார், இன்னும் எத்தன சீசன்?' மூணாவது வருசம் கேட்டான், ரெண்டுன்னேன். அன்னைக்கு வடிவு ரெய்டு போகையில அவன் கேட்டுப் பக்கத்துல நின்னு கையத் தூக்கி ரெண்டு விரலக் காட்டினான். அடுத்த வருசம் ஒத்த விரல். நான் சிரிச்சிட்டேன். இவ்வளவு ஆசையா ஒருத்தன் காத்துக்கிட்டு இருப்பானான்னு.

அவன் வந்து நின்னா மட்டும் வடிவு சரியா ஆட மாட்டா. அது ஒரு குறை. நடுவுல போயி மூச்ச விட்டுருவா. 'என்ன ஏட்டி வெக்கமா'ன்னு கேலி பண்ணுவேன். பிள்ளைங்க யாரும் சிரிக்க மாட்டாளுவ. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு தமாசு விளங்குறதில்ல.

ஆமா, ரெண்டாம் கல்யாணம்தான் அவனுக்கு. மொதப் பொண்ணு கட்டி எட்டு மாசத்துல தவறிட்டா. மோட்டார் ரூம்ல கரண்டு அடிச்சு. மோட்டார் போடுதது அவ வேலையே இல்லயாம், அன்னைக்கு எதுக்குப் போனான்னு யாருக்கும் தெரியல. போலீசு வந்தாவ, பாத்தாவ, எழுதிட்டுப் போய்ட்டாவ. வடிவு அந்தத் துட்டிக்குப் போய்ட்டு வந்து மறுநாள் கிரவுண்டுல என்கிட்ட வந்து நின்னா. 'சார், அக்காவக் குளிப்பாட்டினதுல நானும் இருந்தேன். கழுத்துல அஞ்சு விரல் தடம் இருந்துச்சு சார்'னா. நான் என்ன செய்ய? 'ஏட்டி, நீ என்ன டாக்டரா? கரண்டு அடிச்சா ஒடம்பெல்லாம் தடம் விழத்தான் செய்யும். அடுத்த வாரம் ஜோனல் மேட்ச், போயி ஸ்கிப்பிங் போடு'ன்னேன். 'சரி சார்'ன்னு போனா. அன்னைக்கு ஆயிரத்துக்கு மேல போட்டா. நிறுத்துன்னு விசில் அடிச்சும் நிறுத்தல.

மனசு எப்படி இருந்தாலும் ஒடம்பு நல்லா இருக்கணும்னு நான்தான சொல்லிக் குடுத்தேன். அதான்.

அந்தத் துட்டி முடிஞ்சு ஒரு மூணு மாசத்துல அத்தக்காரி பொண்ணு கேட்டு வந்துட்டாவ. அணஞ்சபெருமாள் அக்கா சொல்லத் தட்டாத ஆளு. வாக்குக் குடுத்துட்டாரு. வடிவு அழல, கத்தல. அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கா, 'ஆட்டம் முடியுத வரைக்கும் என்ன விட்டுருங்க'ன்னு. அவரு என் ரூமுக்கே வந்தாரு. துண்டக் கையில வச்சுக்கிட்டு, 'சார், யுனிவர்சிட்டி ஆட விடுத வரைக்கும் நானும் விடுதேன். கடைசி சீசன் முடிஞ்ச அடுத்த முகூர்த்தத்துல கட்டி வச்சிருவேன். எப்ப முடியுதுன்னு நீங்கதான் சொல்லணும்'னாரு. பெரிய மனுசன் நம்ம வார்த்தைய நம்பி இருக்காரு. எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. இன்னும் ரெண்டு சீசன் இருக்குன்னு சொன்னேன்.

வடிவு வேற ஒண்ணு நெனச்சு வச்சிருந்திருக்கா. இந்த வருசம் யுனிவர்சிட்டி டீமுல எடுத்து அகில இந்திய மேட்ச் ஆடிட்டா, அந்தச் சர்டிபிகேட்ட வச்சு விளையாட்டுக் கோட்டாவுல போலீசுக்குப் போயிரலாம். போன வருசம் ஒத்த இடத்துல தவறிப் போச்சு, இந்த வருசம் நிச்சயம் எடுத்திருப்பாவ. 'ஆர்டரு கையில வந்துட்டா சார், அப்பாவும் மாறிருவாவ, அத்தையும் பயப்படுவாவ. போலீசுக்காரிய அவன் எப்படிக் கட்டுவான்'னா. அன்னைக்கு ஒரு நாள்தான் அவ ஒரு வார்த்தைக்கு மேல பேசினது. நானும், 'நல்லா ஆடு, உனக்கு ஒரு சீசன் இருக்கு'ன்னு சொன்னேன்.

இந்த வருசம் எனக்கும் ஒரு கவுரவம் வந்தது. தகுதிப் பட்டியல் பாக்குத கமிட்டியில என்னய மெம்பராப் போட்டுட்டாவ. மூணு பேரு. அதுல ஒருத்தர் ஜெபராணி டீச்சர், மகளிர் கல்லூரி பி.டி. போன வெள்ளிக்கிழம உக்காந்தோம். மொதப் பேரே டீச்சரோட டீமுப் பிள்ள. பழைய ஷீட்ட எடுத்துப் பாக்கேன், முதல் வருசம் ஒரே ஒரு நிமிசம் இறங்கியிருக்கா. 'டீச்சர், ஒரு நிமிசமும் ஒரு சீசன்தான், மன்னிக்கணும்'னு பேர அடிச்சுட்டேன். டீச்சர் அடுத்த பக்கத்தப் புரட்டிட்டு, 'உங்க வடிவுக்கு இது நாலா அஞ்சா சார்'னு மெதுவாக் கேட்டாவ. ஷீட்ட எடுத்தாவ. பதினெட்டாம் நம்பருக்கு நேரா டிக் இருக்கு.

ரெண்டு பேரும் என்னயப் பாத்தாவ. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? செகப்புப் பேனாவ நானே வாங்கினேன். என் பிள்ள பேர என் கையால அடிச்சேன். கமிட்டித் தலைவர் எந்திரிச்சு வந்து கையக் குடுத்தாரு. 'சொரிமுத்து, உம்ம மாதிரி ஒரு ஆளு வேணும்வே'ன்னாரு. டீ வந்தது. சொந்தம் பந்தம்னு பாத்தா இந்தச் சீட்டுல உக்கார முடியுமா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க.

சாயந்தரம் கொம்பையா போன் பண்ணினான். எப்படித்தான் தெரிஞ்சுதோ. 'சார், முடிஞ்சுதாமே'ன்னான். ஆமாப்பான்னேன். மறுநாளே முகூர்த்தம் குறிச்சிட்டாவ.

இப்பம் அந்தப் பிள்ள நம்ப மாட்டேங்குதாளாம். 'பி.டி. சார் எனக்கு ஒரு சீசன் இருக்குன்னு சொன்னாவ, அவுக வந்து என் மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்லட்டும், பொறவு நீங்க சொன்னதக் கேக்கேன்'னுட்டாளாம். திங்கக்கிழமையில இருந்து அறைக்குள்ளதான் இருக்கா. இல்ல, அவளா கதவப் பூட்டல. வெளிய பூட்டியிருக்காவ. கல்யாண வீட்டுல பிள்ள எங்கயும் போயிரக் கூடாதுல்லா. சாப்பாடு சன்னல் வழியா குடுக்காவளாம், அப்படியே திரும்பி வருதாம். அதான் நான் போறேன். கூடவே லெட்டர்பேடுல, 'நான்கு பருவங்களும் நிறைவடைந்தன'ன்னு சீல் வச்சு ஒரு கடுதாசியும் கொண்டு போறேன். கொம்பையாதான் கேட்டான், எழுத்துல இருந்தா நல்லதுன்னு.

இருங்க, போன் அடிக்கி.

சொல்லுப்பா கொம்பையா… வந்துக்கிட்டே இருக்கேன். பாலம் தாண்டியாச்சு… ஆமா, கடுதாசி இருக்கு… ஸ்டாப்புலயே நிக்கியா? எதுக்குப்பா செரமம், நான் நடந்தே… சரி சரி… யாரு, வடிவா? அப்படியா? இப்பமா? ம்… ம்… அது சின்னப் பிள்ள, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத. நான் வந்து பேசிக்கிடுதேன். வை.

பைக்க எடுத்துக்கிட்டு வந்து ஸ்டாப்புல நிக்கானாம். மரியாத தெரிஞ்ச பையன். வடிவு சன்னல் வழியா அவனப் பாத்து ஏதோ சொல்லிட்டாளாம். 'அக்காவ நீ என்ன செஞ்சன்னு எனக்குத் தெரியும்'னு, அவன் அம்மா, சொந்தக்காரங்க எல்லாரும் நிக்கையில. அவன் கோவப்படல அண்ணாச்சி. சிரிச்சிக்கிட்டே சொல்லுதான், 'வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பேச நெறைய நேரம் இருக்கு சார்'னு. எவ்வளவு பொறும பாருங்க.

என்ன அப்படிப் பாக்கிய?

காயம் பட்டதுக்கு விலக்கு ஒண்ணும் கெடையாதான்னா கேக்கிய? எல்லாரும் அதத்தான் கேக்காவ. இருக்கு. ஏன் இல்லாம? முதல் மேட்ச்சுலயே அடிபட்டு, அதுக்குப் பொறவு அந்த வருசம் ஆடவே முடியலன்னா, டாக்டர் சீட்டோட பி.டி. எழுதி அனுப்பணும். அனுப்பினா அந்தச் சீசன் திரும்பக் கெடைக்கும். வடிவு அப்பவே சீட்டு கொண்டு வந்து குடுத்தா. ஊன்றுகோல வச்சுக்கிட்டு மூணு மாடி ஏறி வந்தா. நானும் என் நோட்டுல 'காயம், இந்த வருசம் கணக்கில் வராது'ன்னு எழுதிட்டேன். அதனாலதான் அவ அப்பாகிட்டயும் கொம்பையாகிட்டயும் அப்படி எண்ணிச் சொன்னேன். அனுப்பத்தான் இருந்தேன். அன்னைக்குத் தபால்காரர் லீவோ என்னமோ. பொறவு நெனச்சேன், முட்டி போன பிள்ள, இனி எங்க ஆட வரப் போறா, இதுக்கு ஒரு கவரா, ஒரு ஸ்டாம்பா. பீரோவுல வச்சேன். பத்திரமாத்தான் வச்சேன். கமிட்டியில காயம்னு நான் வாய் விட்டுட்டேன், டீச்சர் விலக்கு லெட்டர் வந்திருக்கான்னு ரிஜிஸ்டரப் பாத்தப்பதான் எனக்கே திக்குன்னுச்சு.

அன்னைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். தலைவர் கையக் குடுத்துட்டாரே அண்ணாச்சி. கையக் குடுத்த மனுசன்கிட்ட, அஞ்சு நிமிசம் கழிச்சு, தப்பு என் பேர்லதான்னு எப்படிச் சொல்ல?

இன்னும் காலம் போகலன்னா சொல்லுதிய. போகல. கடைசிப் பட்டியல இன்னைக்கு அஞ்சு மணிக்குத்தான் மூடுதாவ. ஜெபராணி டீச்சர் காலையிலயே கூப்பிட்டாவ. 'சார், காயம்னு சொன்னியளே, ஏதாவது பேப்பர் இருந்தா போட்டோ எடுத்து வாட்ஸப்புல போடுங்க. அஞ்சு மணிக்குள்ள வந்தா நான் சேத்துக்கிடுதேன். என் பிள்ள போனது போச்சு, அவளாவது ஆடட்டும்'னாவ. தேடிப் பாக்கேன்னு சொன்னேன். பொய் இல்ல. தேடினேன். தேட வேண்டியதே இல்ல, வச்ச எடத்துலயேதான் இருந்தது.

ஆமா, அந்தச் சீட்டு கையிலதான் இருக்கு. இந்தக் கவருக்குள்ள. அதப் போட்டா என்ன ஆகும்? அதுல தேதி இருக்கு. நாலு வருசத்துக்கு முந்தின தேதி. 'இத இத்தன நாளா எங்க வச்சிருந்திய'ன்னு கேப்பாவ. 'முட்டி வலிக்கின்னு சொன்ன பிள்ளைய எதுக்கு இறக்கினிய'ன்னு அவளக் கூப்பிட்டு விசாரிப்பாவ. அவளும் பொய் சொல்ல மாட்டா. எனக்கு ரிட்டயர்டு ஆக ஏழு மாசம் இருக்கு. இருபத்தாறு வருசத்துல ஒரு ரிமார்க் கெடையாது. அத ஒரு நாப்பது செகண்டுக்காக விட முடியுமா?

பீரோவுல விட்டுட்டு வரவும் பயமா இருந்தது. நாளைக்கு யாராவது தொறந்து பாத்தா? கிழிச்சுப் போடலாம்னு பாத்தேன், கை வரல. அப்படிப்பட்ட ஆளு இல்ல நான். அதான் வடிவுகிட்டயே குடுத்துரலாம்னு எடுத்துட்டு வந்தேன். கடுதாசிய அப்பா கையில, இத அவ கையில. அவ பொருளு அவகிட்டப் போய்ச் சேரணும்லா. அடுத்தவங்க பொருள நான் வச்சுக்கிட மாட்டேன். அஞ்சு மணிக்கு மேல குடுத்தா யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. நான் எறங்கி வீட்டுக்குப் போக அஞ்சேகால் ஆயிரும். பாத்துட்டு அவ என்ன சொல்லுவா? எப்பவும் போல 'சரி சார்'ம்பா.

சொல்லுவாதான? என்னமோ, இன்னைக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. மத்தியானச் சாப்பாடு சரியில்லன்னு நெனைக்கேன்.

எதுக்கு அண்ணாச்சி போன எடுக்கிய? போட்டோவா? வேண்டாம். வேண்டாம்னு சொல்லுதேன்லா. கவர விடுங்க. உங்களுக்கு அந்தப் பிள்ளையத் தெரியுமா, கொம்பையாவத் தெரியுமா? பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்க நீங்க. நான் பாட்டுக்கு மனசு விட்டுப் பேசினது தப்பாப் போச்சு. உக்காருங்க. எல்லாரும் திரும்பிப் பாக்காவ பாருங்க. விசில் அடிச்சுருவேன் பொறவு, வண்டி நின்னுரும்.

கோவப்படாதிய. நான் கெட்டவன் இல்ல அண்ணாச்சி. என் டீமுப் பிள்ளைங்களக் கேட்டுப் பாருங்க.

மணி என்ன ஆச்சு? நாலு அம்பதா? அந்த வாட்ச் சரியா ஓடுதா?

இன்னும் பத்து நிமிசம்தான். நம்ம பேசிக்கிட்டு இருந்தா தெரியாமப் போயிரும். பஸ் ஏறினதுல இருந்து நான்தான் பேசிக்கிட்டு வாரேன், நீங்க உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல. ஏதாவது பேசுங்க. எந்த ஊரு உங்களுக்கு? பிள்ளைங்க எத்தன பேரு? பொம்பளப் பிள்ள இருக்கா?